எழுதி வையுங்கோ

பரீட்சைக்குப் போகிறவரின் முகத்தைப் பார்த்து, "இண்டைக்கு நீங்கள் பெயில்" என்று சொல்லி அனுப்புகிற ஆசிரியர் ஒருவரை எனக்குத் தெரியும். அவர் கார் ஓட்டப் பழக்குபவர். ஜெர்மனியின் ஹம் நகரத்தில் லைசன்ஸ் வைத்திருக்கும் தமிழர்களில் அநேகமானோர் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வியர்த்தவர்கள்தான். கார் பழக்கும் இடத்தை ஜெர்மன்காரர் ஃபார்ஷூலே என்பார்கள். அதனால் அவர் எல்லோருக்கும் ஃபார்ஷூலே அண்ணை. அவருடைய சொந்தப் பெயரை எங்கள் வீட்டில் யாரும் உச்சரித்து நான் கேட்டதில்லை. அவருடைய மனைவிகூட, "உங்கட ஃபார்ஷூலே அண்ணை இன்னும் சாப்பிட வரேல்லை" என்றுதான் சொல்வார்.

அவருடைய வண்டியில், எல்லாப் பழக்கும் வண்டிகளிலும் இருப்பது போல, இரண்டு பிரேக். ஓட்டுகிறவரின் காலடியில் ஒன்று, அவருடைய காலடியில் ஒன்று. அந்த இரண்டாவது பிரேக்குக்கு மேலே, தொட்டும் தொடாமலும், அவருடைய வலது கால் எப்போதும் தொங்கிக்கொண்டிருக்கும். தெரு வெறுமையாக இருந்தாலும் தொங்கும். சிவப்பு விளக்கில் வண்டி நின்றுகொண்டிருந்தாலும் தொங்கும்.

என் அம்மா ஐம்பதை நெருங்கும் வயதில் அவரிடம் கார் பழகப் போனார். அம்மாவுக்கு வெதுப்பகத் தொழிற்சாலையில் வேலை. காலை வேலை தொடங்கும் நேரத்துக்கு முதல் பஸ் இன்னும் வெளிக்கிட்டிருக்காது. அம்மா ஊரில் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து பள்ளிக்கூடத்தை எங்கோ வழியில் தவறவிட்டவர். அப்பாவும் அப்படியே. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். பல்கலைக்கழகம் போன முதல் ஆளும் நான்தான். டோர்ட்முண்டில் புள்ளிவிபரவியல் படித்தேன். இதை நான் இடம் கிடைக்கும் போதெல்லாம் சொல்வேன். இங்கேயும் சொல்லிவிட்டேன்.

போக்குவரத்து விதிகளை ஜெர்மனிலிருந்து தமிழுக்கு மாற்றி அம்மாவுக்குச் சொல்லிக் கொடுப்பது என் பொறுப்பு. அதே சாக்கில் சில நாள் பின் இருக்கையில் ஏறிக்கொள்வேன்.

"தங்கச்சி, உந்த வளவுக்குள்ள இருந்து இப்ப ஒரு கிழவி வெளிக்கிடுவா."

"எங்க அண்ணை? ஒருத்தரையும் காணேல்லையே."

"இன்னும் வெளிக்கிடேல்லை. வெளிக்கிடுவா. காலை எடுங்கோ."

அம்மா காலை எடுத்தார். வண்டி ஊர்ந்தது. வளவு வந்தது, போனது. கிழவி வரவில்லை.

"கிழவி வரேல்லை, அண்ணை."

"வராதது நல்லதுதானே? அதுக்கேன் குறைப்படுறியள்?"

இப்படி வராத கிழவிகள், பாயாத நாய்கள், திறக்காத கார்க் கதவுகள் என்று ஹம் நகரத்துத் தெருக்கள் முழுவதையும் அவர் நிரப்பி வைத்திருந்தார். அவருடைய மாணவர்கள் ஊர்ந்து ஊர்ந்து ஓட்டுவார்கள். பின்னால் வரும் ஜெர்மன்காரர்கள் ஹோர்ன் அடிப்பார்கள். "அடிக்கட்டும். அடிக்கிறவன் இன்னும் இடிக்கேல்லை எண்டுதானே கருத்து" என்பார்.

பரீட்சை நாளில் இந்த மனிதர் தேறுதல் சொல்வார் என்று யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். ஆனாலும் பரீட்சைக்குப் போகிறவருக்கு ஒரு நப்பாசை இருக்கும். அம்மாவுக்கும் இருந்தது. வீட்டில் சாமி கும்பிட்டு, திருநீறு பூசி, வாசலில் நின்ற வண்டியில் ஏறப் போனவரைப் பார்த்து, "இண்டைக்குப் பெயில், தங்கச்சி. எழுதி வையுங்கோ" என்றார். எனக்கு வந்த கோபத்தில், அங்கிள் என்று கூப்பிட்டுப் பழகிய வாய் வேறு எதையாவது சொல்லிவிடுமோ என்று பயந்து உள்ளே போய்விட்டேன்.

முதல் இரண்டு தடவையும் அவர் சொன்னதுதான் நடந்தது. ஒருமுறை, வலப்பக்கத்துச் சிறுதெருவிலிருந்து வந்தவனுக்கு அம்மா வழி விடவில்லை. மறுமுறை, திரும்பும்போது தோளுக்கு மேலால் பார்க்க மறந்துவிட்டார். மூன்றாம் முறை, பின்னால் உட்கார்ந்திருந்த பரீட்சகருக்கே கழுத்து வலித்திருக்கும். அம்மா அப்படித் திரும்பித் திரும்பிப் பார்த்தாராம். பாஸ். அன்று வண்டி எங்கள் வாசலுக்கு வந்தபோது முதலில் இறங்கியவர் ஃபார்ஷூலே அண்ணைதான். "ஐயோ, நான் சொன்னது பிழைச்சுப்போச்சே! நான் சொன்னது பிழைச்சுப்போச்சே!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினார். தன்னுடைய தோல்வியை இவ்வளவு கொண்டாடிய ஒருவரை நான் அதற்கு முன் கண்டதில்லை.

பாஸானவர்கள் அந்தச் சந்தோசத்தில் அவருடைய கெட்ட வாக்கை மறந்து கேக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். பெயிலானவர்கள், "அண்ணை முதலே சொன்னவர்" என்று அவருக்கு மதிப்புக் கூட்டினார்கள். எந்தப் பக்கத்தாலும் அவருக்கு நட்டமில்லை.

ஆனால் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது கார் அல்ல, தேர்தல்.

சனிக்கிழமைகளில் எங்கள் தமிழ்ப் பள்ளி ஒரு ஜெர்மன் பள்ளிக்கூடத்தின் வகுப்பறைகளில் நடக்கும். நான் அங்கே சின்ன வகுப்புக்குக் கற்பித்தேன். பிள்ளைகள் உள்ளே ஆனா ஆவன்னா எழுத, பெற்றோர் நடைவழியில் பிளேன்ரீயும் மீன் றோல்ஸும் வைத்துக்கொண்டு நாட்டு நிலவரம் பேசுவார்கள். ஆறு வயதுப் பிள்ளைகளுக்கான குட்டிக் கதிரைகளில் முழங்கால் நாடியில் முட்ட உட்கார்ந்து, இங்கிருந்தபடியே கொழும்பில் ஆட்சியை மாற்றுவார்கள். ஃபார்ஷூலே அண்ணையின் பிள்ளைகள் வளர்ந்து வேறு நகரங்களுக்குப் போய்விட்டார்கள். அவர் மட்டும் வருவதை நிறுத்தவில்லை.

ஜனாதிபதித் தேர்தல் நெருங்கினால் அவரைச் சுற்றிக் கூட்டம் கூடும்.

"அண்ணை, இந்த முறை ஆர்?"

"சொன்னாக் கோவிக்கக் கூடாது."

"கோவிக்கேல்லை, சொல்லுங்கோ."

அவர் சட்டைப் பையிலிருந்து ஏலக்காய் ஒன்றை எடுத்து, உரித்து, வாயில் போட்டுக்கொள்வார். பிறகு, அந்த நடைவழியில் இருந்த ஒருவருக்கும் பிடிக்காத ஆள் யாரோ அவருடைய பெயரைச் சொல்வார். "எழுதி வையுங்கோ."

நடைவழி முழுவதும் பெருமூச்சு விடும். தேர்தல் வரும். அந்த ஆள் வெல்வார். எங்கள் ஆட்கள் விரும்பிய ஒருவர் எங்கள் நாட்டில் வெல்வது எவ்வளவு அபூர்வம் என்று நான் விளக்கத் தேவையில்லை. அதனால் அவர் தேர்தலுக்குத் தேர்தல் பெரிய தீர்க்கதரிசியாகிக்கொண்டே போனார்.

ஜெர்மனியின் ஜனாதிபதியைப் பற்றிக் கேட்டால் மட்டும் கையை விரித்துவிடுவார். "அதைப் பாராளுமன்றக்காரர் தங்களுக்குள்ள கூடி முடிக்கினம். எங்களைக் கேக்கிறதில்லை. அதில என்ன சுவை இருக்கு?" ஊர் ஜனாதிபதியையும் அவரைக் கேட்டு யாரும் முடிப்பதில்லை. அவருக்கு அங்கே வாக்கு இல்லை. அவர் எப்போதோ ஜெர்மன் பிரஜையாகிவிட்டார். அது அவரைத் தடுத்ததில்லை.

அவரிடம் இன்னொரு வாக்கியமும் இருந்தது. "புது முகம் ஒண்டு வரட்டும். அடுத்த நாளே பிளேன் ஏறுறன்." அவர் அகதியாக வந்த நாளிலிருந்து ஊருக்குப் போகாதவர். ஒவ்வொரு தேர்தல் முடிந்ததும், "உவன் வந்திட்டான், இனி எங்க போறது?" என்று பெட்டியை மூடிவிடுவார். பெட்டி ஒருபோதும் திறந்திருந்ததில்லை என்பது வேறு விசயம்.

ஏன் போகவில்லை என்பதை அவருடைய மனைவி அம்மாவுக்குச் சொல்லியிருந்தார். ஊரில் அவருக்கு ஓர் அக்கா. கலியாணம் கட்டாமல், தாயைக் கடைசிவரை பார்த்து, அதே வீட்டில் தனியாக இருக்கிறவர். தாய் செத்தபோது இவரிடம் அகதிக் காகிதம்தான் இருந்தது. போனால் திரும்பி வர முடியாது. மனைவியும் கைக்குழந்தையும் இங்கே. அவர் போகவில்லை. அக்கா தொலைபேசியில், "அம்மாவைப் பாக்க வராதவன் இனி இந்த வாசலுக்கு வரத் தேவையில்லை" என்று சொல்லிவிட்டு வைத்தார். அதற்குப் பிறகு இருவரும் நேரே ஒரு சொல் பேசியதில்லை.

நேரே என்றுதான் சொல்கிறேன். ஒவ்வொரு ஞாயிறும் அக்கா, தம்பியின் மனைவியோடு பேசுவார். மனைவி போனின் சத்தத்தைக் கூட்டி மேசையில் வைப்பார். பக்கத்தில் இவர் மூச்சுக் காட்டாமல் இருப்பார். இவர் இருப்பது அங்கே அக்காவுக்குத் தெரியும். "உவர் பிரசர் குளிசை ஒழுங்கா எடுக்கிறாரோ எண்டு கேளும்" என்பார். மனைவி திரும்பி, "எடுக்கிறியளோ எண்டு கேக்கிறா" என்பார். இவர், "ஓம் எண்டு சொல்லு" என்பார். மனைவி போனைப் பார்த்து, "ஓமாம், மச்சாள்" என்பார். ஆண்டுக்கணக்காக இப்படி ஒரு மேசையில் மொழிபெயர்ப்பு நடந்துகொண்டிருந்தது, தமிழிலிருந்து தமிழுக்கு.

பிறகு அந்தத் தேர்தல் வந்தது. ஒரு பக்கம் பழைய ஆள், மறுபக்கம் புது ஆள். இருவருக்கும் இடையில் ஒரு நூல் இடைவெளிகூட இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். என் காலமும் வந்துவிட்டது என்று நினைத்தேன். பழைய தேர்தல்களின் மாவட்ட முடிவுகள், கிடைத்த கருத்துக் கணிப்புகள் எல்லாவற்றையும் கணினியில் போட்டுப் பல நாள் கணக்குப் பார்த்தேன். சனிக்கிழமை நடைவழியில் ஒருவர் கேட்டார்.

"பிள்ளை, நீ உதைத்தானே படிக்கிறாய்? ஆர் வெல்லுவான்?"

நான் நிமிர்ந்து நின்று சொன்னேன். "சொல்ல ஏலாது, மாமா. ரெண்டு பேருக்கும் கிட்டத்தட்டச் சமன். வித்தியாசம் கணிப்பின்ர பிழை எல்லைக்குள்ளதான் நிக்குது."

"இதைச் சொல்லவோ நீ ஒவ்வொரு நாளும் டோர்ட்முண்டுக்கு ரெயின் ஏறிப் போறாய்? இதை நான் வீட்டில படுத்துக்கொண்டே சொல்லுவனே!"

எல்லோரும் சிரித்தார்கள். ஃபார்ஷூலே அண்ணை மட்டும் கையை உயர்த்தினார். "பிள்ளையைப் பகிடி பண்ணாதேங்கோ. படிச்சுப்போட்டு 'தெரியாது' எண்டு சொன்ன ஆள் எங்கட சனத்தில உவ ஒராள்தான்." அது பாராட்டா, பழிப்பா என்று எனக்கு இன்றுவரை முடிவாகவில்லை. அதுவும் பிழை எல்லைக்குள்தான் நிற்கிறது.

"அப்ப நீங்கள் சொல்லுங்கோ, அண்ணை."

ஏலக்காய் வெளியே வந்தது. வழக்கத்தைவிட மெதுவாக உரித்தார். "புது ஆள்" என்றார். "புது ஆள்தான் வெல்லுவான். எழுதி வையுங்கோ."

எல்லோரும் கைதட்டினார்கள். அவர் வாயிலிருந்து ஒரு நல்ல செய்தி வந்ததை யாரும் கேட்டதில்லை. ஒருவர் குட்டிக் கதிரையிலிருந்து எழும்ப, கதிரையும் அவரோடு எழும்பி வந்தது. அந்த ஆரவாரத்துக்குள் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த அவருடைய மனைவியின் குரல் கேட்டது.

"இஞ்சாருங்கோ, அப்ப டிசம்பருக்கு ரிக்கட் போடட்டோ?"

எல்லோரும் திரும்பினார்கள்.

"புது முகம் வந்தா அடுத்த நாளே எண்டு சொன்னது நீங்கள்தானே. சபையில வைச்சுக் கேக்கிறன்."

"வெல்லட்டும் முதல்" என்றார் அவர். "வெண்டாப் போவம்." எல்லோரும் மறுபடி கைதட்டினார்கள். அவர் ஏலக்காய்த் தோலை விரல்களுக்கு இடையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்த கிழமை டோர்ட்முண்டுக்கு ரெயினில் போகும்போது எனக்கு அந்த மனிதர் ஒரு கணக்காகத் தெரிந்தார். தேர்தலில் அவர் சொல்வது சரியாகிறது. கார்ப் பரீட்சையில் அவர் சொல்வது பெரும்பாலும் பிழைக்கிறது. அவரிடம் படித்தவர்களில் அநேகர் பாஸ்தான். ஒரே வாய், இரண்டு விதமான பலன். அப்படியென்றால் அவர் சொல்வது கணிப்பே அல்ல. அவர் எது நடக்கக் கூடாது என்று நினைக்கிறாரோ அதைச் சொல்கிறார். சொல்லிவிட்டால், நடந்தாலும் ஏமாற்றம் இல்லை. தெருவில் கார்கள் முட்டக் கூடாது, மாணவர் பெயிலாகக் கூடாது, பிடிக்காதவன் வெல்லக் கூடாது. எல்லாம் பொருந்தியது. என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். ரெயின் அடுத்த நிலையத்தில் நின்று கிளம்பிய பிறகுதான் மிச்சக் கணக்கும் வந்தது. அப்படியென்றால், "புது ஆள் வெல்லுவான்" என்றால் என்ன?

வாக்கு எண்ணிய ஞாயிற்றுக்கிழமை ஃபார்ஷூலே அண்ணை வீட்டில் கூழ். அம்மா லைசன்ஸ் எடுத்ததற்கு அது விருந்தும்தான். நண்டும் இறாலும் பயிற்றங்காயும் போட்டு, பனங்கிழங்கு மாவில் ஒடியல் கூழ் காய்ச்சியிருந்தார்கள். எங்களைத் தவிர இரண்டு குடும்பம் வந்திருந்தது. தொலைக்காட்சியில் மாவட்ட முடிவுகள் ஒவ்வொன்றாக வந்தன. முதல் எண்ணிக்கையில் ஒருவரும் பாதியைத் தாண்டவில்லை. அப்படியானால், தோற்றவர்களின் சீட்டுகளில் மக்கள் இரண்டாவது விருப்பமாக யாரைக் குறித்திருக்கிறார்கள் என்று பார்த்து எண்ண வேண்டும். அது எங்கள் நாட்டு முறை. எல்லோரும் கோப்பையை வைத்துவிட்டுத் தொலைக்காட்சிக்குக் கிட்டப் போனார்கள். அவர் மட்டும் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டு குசினிக்குப் போனார். நானும் போனேன்.

"அங்கிள், ஒண்டு கேக்கட்டே?"

"கேள், பிள்ளை."

"அம்மா பெயில் எண்டு நீங்கள் சொன்னது, அம்மா பாஸாக வேணும் எண்டுதானே?"

அவர் கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அப்ப, புது ஆள் வெல்லுவான் எண்டு சொன்னது?"

கழுவின கோப்பையையே மறுபடி கழுவினார். "டோர்ட்முண்டில உதையும் படிப்பிக்கினமோ?"

"இது நானாக் கண்டுபிடிச்சது."

"கண்டுபிடிச்சதை உள்ள போய்ச் சொல்லிப்போடாதை." தண்ணீரை நிறுத்தினார். "பெட்டியோட ரோட்டில நிக்கிற வயசே, பிள்ளை, எனக்கு? அக்கா கதவைத் திறக்காட்டி?"

"திறக்காமல் விடுவாவே? ஒவ்வொரு கிழமையும் குளிசை எடுத்தியளோ எண்டு கேக்கிறா."

"போனில கேக்கிறா. போனுக்குக் கதவில்லை." துவாயில் கையைத் துடைத்தார். துடைத்து முடிந்தும் துடைத்தார். "இஞ்ச இருந்தா, திறப்பா எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கலாம். அங்க போனா, அது தெரிஞ்சுபோடும்."

அதற்குள் வரவேற்பறையில் கதிரைகள் இழுபட்டன. யாரோ, "வெண்டிட்டான்! புது ஆள் வெண்டிட்டான்!" என்று கத்தினார்கள்.

அவர் துவாயைக் கொழுவினார். சட்டையை இழுத்துவிட்டார். கதவடியில் போய் நின்றபோது அவர் முகத்தில் தீர்க்கதரிசியின் சிரிப்பு வந்துவிட்டது. "நான் சொன்னனானோ, இல்லையோ?" என்று கேட்டார். ஆளுக்கு ஆள் கட்டிப்பிடித்தார்கள். ஒருவர் அவரைத் தூக்கப் பார்த்து, இடுப்பு நாரி பிடித்துக்கொள்ள, வைத்துவிட்டார். "உங்கட வாய் முகூர்த்தம், அண்ணை!" என்றார்கள். அவருடைய மனைவி சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து போனில் டிசம்பர் விமானங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வெல்லக் கூடாது என்று நினைத்த ஆளும் வென்று, அவர் சொன்னதும் பலித்த நாள் அது. வழக்கமான தேர்தல்தான். மற்றவர்களுக்குத்தான் அது புதுமை.

டிசம்பரில், டுசல்டோர்ஃப் விமான நிலையத்துக்கு ஃபார்ஷூலே அண்ணையையும் மனைவியையும் அம்மா கூட்டிப்போனார். பழைய காரொன்று வாங்கியிருந்தோம். அண்ணை, ரெயினில் போவோம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். மனைவி கேட்கவில்லை. அவர் அம்மாவுக்குப் பக்கத்து இருக்கையில். நானும் மனைவியும் பின்னால். அவருடைய மடியில் அக்காவுக்கு வாங்கிய குளிர்ச்சட்டைப் பை. யாழ்ப்பாணத்துக்கு ஏன் குளிர்ச்சட்டை என்று யாரும் கேட்கவில்லை.

அவர் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தார். முன்னால் போகிற லொறி சடாரென்று நிற்கும், பக்கத்தில் வருகிறவன் குறுக்கே விழுவான், விமானம் பிந்தும், பெட்டி வேறு நாட்டுக்குப் போகும். லொறி நிற்கவில்லை. பக்கத்துக்காரன் தன்பாட்டில் போனான்.

விமான நிலையத்துக்குப் பிரிகிற பாதையில் அவர் பேச்சு நின்றது. பின்னால் இருந்து நான் கேட்டேன்.

"அங்கிள், அக்கா கதவு திறப்பாவோ?"

மனைவி என் கையைப் பிடித்தார். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. சட்டைப் பையைத் தடவினார்; ஏலக்காய் இல்லை.

"திறக்க மாட்டா" என்றார். "எழுதி வையுங்கோ."

மனைவியின் பிடி தளர்ந்தது. மனைவி யன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தார் என்று நினைக்கிறேன்.

பக்கவாட்டில் எனக்கு ஃபார்ஷூலே அண்ணையின் வலது கால் தெரிந்தது. அது கால்விரிப்பின் மேல், அங்கே இல்லாத பிரேக்கைத் தேடித் தேடி அமர்த்திக்கொண்டிருந்தது. அம்மா தோளுக்கு மேலால் ஒருமுறை பார்த்தார். வேகத்தைக் குறைக்கவில்லை.